வாஷிங் மெஷினின் உள்பக்கத்தைச் சுத்தம் செய்வது: டப்பைக் கழற்றத்தான் வேண்டுமா?

கேள்வி இதுதான்: நான்கு வருடமான டாப் லோட் மெஷின், போர் தண்ணீர். கொஞ்ச நாளாகத் துவைத்த துணியில் கருப்பாக ஏதோ ஒட்டிக்கொண்டு வருகிறது, மூடியைத் திறந்தால் முடை நாற்றம். வினிகரும் சோடா உப்பும் போட்டு ஓட்டிப் பார்த்தும் பலனில்லை. மெக்கானிக் டப்பையே கழற்றிச் சுத்தம் செய்ய வேண்டும் என்கிறார். அது அவசியமா? தங்கை வீட்டில் ஃபிரன்ட் லோட் இருக்கிறது, அதற்கும் இதே வழிதானா?

எதையும் வாங்கிப் போடும் முன், ஒட்டிக்கொண்டு வருவது என்ன என்று பாருங்கள். அந்தத் துகளில் இரண்டு மூன்றை வெள்ளைத் தட்டில் வைத்து விரலால் நசுக்குங்கள். வழவழவென்று நசுங்கி மை போல இழுபட்டால் அது பிசுக்கு. அதாவது உடம்பு எண்ணெய், கரையாத பவுடர், நூல் தூசு, பூஞ்சை எல்லாம் சேர்ந்து படிந்தது. மொறுமொறுவென்று உடைந்து, எலுமிச்சைச் சாறு ஒரு சொட்டு விட்டதும் பொங்கினால் அது தண்ணீரின் உப்பு. வாட்டர் ஹீட்டர் ராடில் வெள்ளையாகப் படிகிறதே, அதேதான். நசுக்கும்போது ரப்பர் மாதிரி உருண்டால் இந்தப் பதிலில் உங்களுக்கு வேலையில்லை. உள்ளே ஏதோ ஒரு ரப்பர் தேய்ந்து உதிர்கிறது, ஆளைக் கூப்பிட வேண்டியதுதான். நீங்கள் சொல்வதைப் பார்த்தால் முதலாவதுதான் அதிகம், ஆனால் போர் தண்ணீர் என்பதால் அடியில் இரண்டாவதும் இருக்கும்.

இதைப் பிரித்துப் பார்க்கச் சொல்வதற்குக் காரணம், இரண்டுக்கும் மருந்து நேர் எதிர். பிசுக்கை எடுக்கக் காரம் வேண்டும், உப்பை எடுக்க அமிலம் வேண்டும். வினிகர் அமிலம், சோடா உப்பு காரம். இரண்டையும் சேர்த்துக் கொட்டினால் புஸ்ஸென்று பொங்கும், பார்க்கத் திருப்தியாக இருக்கும். பொங்கி அடங்கியபின் மிச்சம் இருப்பது கிட்டத்தட்ட வெறும் உப்புத் தண்ணீர்தான். ஒன்றை ஒன்று தீர்த்துக்கட்டிவிடும். வீடியோக்களில் இது எப்படி இவ்வளவு ஓடுகிறது என்பது எனக்குப் புரியாத விஷயம்.

சரி, வினிகரை மட்டும் போட்டிருந்தால்? அதுவும் டாப் லோடில் எடுபடாது. கடையில் விற்கும் வினிகரில் அமிலம் பெரும்பாலும் 4 சதவீதம்தான். ஒரு டம்ளர், 250 மில்லி ஊற்றினால் உள்ளே போவது 10 கிராம் அமிலம். முழு மட்டத்துக்கு 50 லிட்டர் நிற்கும் மெஷினில், கடினமான போர் தண்ணீராக இருந்தால், அந்தத் தண்ணீரில் ஏற்கெனவே கரைந்திருக்கும் சுண்ணாம்பே அந்தப் 10 கிராமையும் விழுங்கிவிடும். டப்பில் படிந்ததைத் தொடக்கூட மிச்சம் இருக்காது.

இந்த அழுக்கு எங்கே உட்கார்ந்திருக்கிறது என்று தெரிந்தால் மற்றதெல்லாம் எளிதாகப் புரியும். நீங்கள் கண்ணால் பார்ப்பது ஓட்டை ஓட்டையாக இருக்கும் ஸ்டீல் டிரம். அதற்கு வெளியே தண்ணீரைத் தாங்கும் பிளாஸ்டிக் டப் ஒன்று இருக்கிறது. இரண்டுக்கும் நடுவில் குறுகலான இடைவெளி. அங்கே கை போகாது, வெளிச்சம் போகாது, காற்றும் சரியாகப் போகாது. ஸ்டீல் பளபளவென்று இருக்கும். அதன் முதுகுப் பக்கம் சாம்பல் நிறத்தில் ஒரு படலம் அப்பியிருக்கும். அடியில் சுற்றும் தட்டு இருக்கிறதே, பல்சேட்டர், அதைக் கழற்றித் திருப்பிப் பார்த்தால் முழுசாகத் தெரியும். அடிப்பக்கத்துத் தடுப்புகளுக்கு இடையில் தலைமுடியும் நூல் தூசும் ஈரப் பஞ்சு மாதிரி அடைந்து, மேலே வெண்ணெய் தடவினாற்போல் ஒரு கொழகொழப்பு. நாற்றத்தில் பாதி அங்கிருந்துதான்.

இது ஏன் நம் வீடுகளில் இவ்வளவு சீக்கிரம் சேர்கிறது? முதல் காரணம் எண்ணெய். தலைக்குத் தேங்காய் எண்ணெய் வைக்கும் வீட்டில் தலையணை உறையும் துண்டும் வாரம் தவறாமல் மெஷினுக்குள் போகும். தேங்காய் எண்ணெய் 25 டிகிரிக்குக் கீழே உறைய ஆரம்பிக்கும், மார்கழியில் பாட்டிலிலேயே பார்க்கிறோம். பச்சைத் தண்ணீரில் துவைத்தால் அது துணியை விட்டு வந்தாலும் முழுசாகக் கரைந்து வெளியே போவதில்லை. டப்பின் சுவரில் ஒட்டிக்கொள்கிறது. இரண்டாவது, காலரில் சோப்புக் கட்டி போட்டுத் தேய்த்துவிட்டு அலசாமல் அப்படியே மெஷினில் போடும் பழக்கம். துணி சோப்புக் கட்டிகளில் களிமண், சுண்ணாம்புத் தூள் மாதிரி நிரப்பிகள் கணிசமாக இருக்கும். அதெல்லாம் கரையாது, படியும். மூன்றாவது, வேட்டிக்கும் காட்டன் புடவைக்கும் மெஷினிலேயே கஞ்சி போடுவது. கஞ்சி பூஞ்சைக்குச் சாப்பாடு. போடுங்கள், வேண்டாம் என்று சொல்லவில்லை. போட்ட கையோடு வெறும் மெஷினை ஒரு தடவை நிறையத் தண்ணீர் விட்டு அலச விட்டுவிடுங்கள்.

ஆனால் எல்லாவற்றையும்விடப் பெரிய காரணம் பவுடர் அதிகம் போடுவது. நுரை வந்தால்தான் அழுக்குப் போகும் என்ற நம்பிக்கை நம்மை விட்டுப் போகாது. அளவுக்கு மேல் போடும் பவுடர் அலசலில் முழுதும் வெளியேறாமல், எண்ணெயோடு சேர்ந்து பசை ஆகிவிடும். உங்கள் வீட்டில் எப்படி என்று தெரிந்துகொள்ள ஒரு வழி: துவைத்து முடித்த துண்டுகளையே மறுபடி போட்டு, பவுடர் எதுவும் போடாமல் வெறும் தண்ணீரில் பத்து நிமிடம் ஓடவிட்டுப் பாருங்கள். நுரை கட்டினால், இத்தனை நாளும் அதிகம் போட்டிருக்கிறீர்கள். துணியை மணக்க வைக்கும் கண்டிஷனர் திரவமும் இதே கணக்குதான். அதன் வேலையே துணியில் ஒரு வழவழப்பான பூச்சை ஒட்ட வைப்பது. ஒட்டுவது துணியில் மட்டும் என்று யார் சொன்னது?

இனி உங்கள் மெஷினுக்கு வருவோம். இரண்டு நாளாகப் பிரித்துச் செய்யுங்கள். ஒரே நாளில் அமிலத்தையும் காரத்தையும் போட்டுக் குழப்ப வேண்டாம்.

முதல் நாள் உப்புக்கு. மளிகைக் கடையில் எலுமிச்சை உப்பு என்று கேட்டால் தருவார்களே, அதாவது சிட்ரிக் ஆசிட், அது போதும். டாப் லோடுக்கு 250 முதல் 300 கிராம் வரை எடுத்து, ஒரு வாளி வெந்நீரில் கரைத்து ஊற்றி, அதிகபட்ச மட்டத்துக்குத் தண்ணீர் நிரப்புங்கள். பத்து நிமிடம் சுற்ற விட்டு, ஒரு மணி நேரம் ஊறவிட்டு, மறுபடி சுற்றி வடித்துவிட்டு, இரண்டு முறை அலசுங்கள். ராத்திரி முழுக்க ஊறவிட வேண்டாம். உள்ளே உலோகப் பாகங்கள் இருக்கின்றன, அமிலம் அவற்றோடு நாள்பூரா குடியிருக்கக் கூடாது.

இரண்டாம் நாள் பிசுக்குக்கு. இங்கேதான் உண்மையான வேலை. சோடியம் பெர்கார்பனேட் என்ற வெள்ளைத் தூள் ஆன்லைனில் கிலோ கணக்கில் கிடைக்கிறது. ஆக்சிஜன் பிளீச் என்றும் விற்பார்கள். தண்ணீரில் போட்டதும் அது ஹைட்ரஜன் பெராக்சைடாகவும் சலவைச் சோடாவாகவும் பிரியும். ஒன்று பூஞ்சையைக் கவனிக்கும், இன்னொன்று எண்ணெயைக் கவனிக்கும். கடையில் விற்கும் டப் கிளீனிங் பவுடர் பாக்கெட் பலவற்றில் இருப்பதும் ஏறத்தாழ இதுதான். சிலது மட்டும் சிட்ரிக் ஆசிட் வகை, பாக்கெட்டின் பின்பக்கம் பார்த்துவிட்டு வாங்குங்கள். டாப் லோடில் 10 லிட்டருக்கு 100 கிராம் கணக்கு. 50 லிட்டர் பிடிக்கும் மெஷினுக்கு அரைக்கிலோ. கை நடுங்க வேண்டாம், நான்கு வருட அழுக்குக்கு அந்தச் சின்னப் பாக்கெட் பத்தாது.

இதற்குத் தண்ணீர் சூடாக இருக்க வேண்டும். 40 டிகிரிக்குக் கீழே இந்தத் தூள் சோம்பேறி. 50 டிகிரி வாக்கில் நன்றாக வேலை செய்யும். டாப் லோட் மெஷின்கள் பலவற்றில் ஹீட்டர் கிடையாது. கீசரிலிருந்து வாளி வாளியாக ஊற்றலாம். அதைவிடச் சுலபமான வழி ஒன்று உண்டு: இந்த வேலையை ஏப்ரல், மே மாதத்து மத்தியான நேரத்துக்கு வைத்துக்கொள்ளுங்கள். மொட்டை மாடியில் கருப்பு சின்டெக்ஸ் தொட்டியில் கொதிக்கும் தண்ணீர் குழாயைத் திறந்தாலே வரும். குளிக்க முடியாமல் திட்டிக்கொண்டிருக்கும் அந்தத் தண்ணீருக்கு ஒரு நல்ல உபயோகம். கூடவே நாலு வாளி கீசர் தண்ணீர் சேர்த்தால் போதும். மிகச் சூடாக, கொதிக்கக் கொதிக்க ஊற்ற வேண்டாம். பிளாஸ்டிக் டப், ரப்பர் சீல் இரண்டும் தாங்காது.

தூளைப் போட்டு ஐந்து, பத்து நிமிடம் சுற்றவிட்டு, மெஷினை அணைத்துவிடுங்கள். பாதியில் நிறுத்தி வைத்தால் சில மாடல்கள் தானாகத் தண்ணீரை வடித்துவிடும், அதனால் ஸ்விட்சையே அணைப்பது நல்லது. ஒரு மணி நேரம் கழித்து மூடியைத் திறந்தால் தண்ணீர் பழுப்பாகி, மேலே கருப்பும் காபி நிறமுமாக ஏடு ஏடாக மிதக்கும். டீ வடிகட்டி அல்லது மீன் தொட்டி வலையை வைத்து அதை அள்ளி எடுத்துவிடுங்கள். இந்த இடத்தில்தான் பலரும் கோட்டை விடுவது. அள்ளாமல் அப்படியே வடித்தால், தண்ணீர் இறங்க இறங்க அந்த ஏடு முழுக்க டிரம்மின் ஓட்டையிலும் சுவரிலும் மறுபடி ஒட்டும், அடுத்த பத்து துவைப்புக்கு வெள்ளைச் சட்டையில் வந்து உட்காரும். அள்ளி, மறுபடி சுற்றி, ஊறவிட்டு, மறுபடி அள்ளி, என்று ஒரு மத்தியானம் முழுக்க ஓடும். மொத்தம் நாலைந்து மணி நேரம் ஊறட்டும். பிறகு வடித்து, துகள் வருவது நிற்கும்வரை அலசுங்கள். மெஷினில் சின்ன வலைப் பை இருந்தால் அதைக் கழற்றித் தேய்த்து மாட்டுங்கள், கிழிந்திருந்தால் புதிது போடுங்கள்.

பல்சேட்டரைக் கழற்றுவது வீட்டிலேயே செய்யக்கூடிய வேலைதான். பிளக்கைப் பிடுங்கிவிட்டு, நடுவில் மூடி இருந்தால் நெம்பி எடுத்து, உள்ளே இருக்கும் நட்சத்திர ஸ்குருவைக் கழற்றுங்கள். பிறகு தட்டு தானாக வந்துவிடாது, உப்புப் பிடித்து இறுகியிருக்கும். அதன் ஓட்டைகளில் எதிரெதிராக இரண்டு கெட்டியான கயிற்றைக் கோர்த்து, நேராக மேலே இழுங்கள். ஸ்குரு டிரைவரை ஓரத்தில் விட்டு நெம்பினால் பிளாஸ்டிக் உடையும். வராவிட்டால், மேலே சொன்ன எலுமிச்சை உப்புத் தண்ணீரை ஒரு தடவை விட்டுப் பாருங்கள், பெரும்பாலும் இளகிவிடும். எடுத்ததும் பழைய டூத் பிரஷ்ஷும் பாத்திரம் தேய்க்கும் திரவமும் போதும். கீழே விழுந்து கிடக்கும் ஊக்கு, நாணயம், ஹேர்பின்னையும் பொறுக்கிவிடுங்கள், துணி கிழிவதற்குக் காரணமே சில சமயம் அதுதான்.

மெக்கானிக் சொன்னதற்கு என் பதில்: முதலில் இந்த இரண்டு நாள் வேலையைச் செய்யுங்கள். அதற்குப் பிறகும் பத்து துவைப்பு தாண்டித் துகள் வந்துகொண்டே இருந்தால் டப்பைக் கழற்றுவதில் அர்த்தம் இருக்கிறது. அவர் பொய் சொல்கிறார் என்று நான் சொல்லவில்லை. பல வருடம் தொடாமல் விட்ட, உப்பும் பிசுக்கும் அடுக்கடுக்காக இறுகிய டப்புக்கு ஊறவைப்பது எடுபடாது, கையால்தான் சுரண்ட வேண்டும். ஆனால் கழற்றும்போது நடு நட் இறுகியிருந்தால் அடித்துத் திருப்புவார்கள், சீல் நசுங்கினால் பிறகு தண்ணீர் ஒழுகி பேரிங்கில் இறங்கும். அதனால் அது கடைசி வழி, வருடா வருடம் செய்யும் சர்வீஸ் கிடையாது. கழற்றினால் பழைய சீலுக்குப் பதில் புது சீல் போடச் சொல்லுங்கள்.

செய்யவே கூடாதவை இரண்டு. பாத்ரூம் தரைக்கு ஊற்றும் ஆசிட்டை மெஷினுக்குள் விடாதீர்கள். அது ஹைட்ரோகுளோரிக் அமிலம், ஸ்டெயின்லெஸ் ஸ்டீலையே அரிக்கும். பிளீச்சிங் பவுடரும் வேண்டாம், அதில் கரையாத சுண்ணாம்பு அடியில் தங்கும், ஏற்கெனவே உப்பால் அவதிப்படும் மெஷினுக்கு இன்னும் கொஞ்சம் சுண்ணாம்பு எதற்கு? இவை இரண்டும் சேர்ந்தால் குளோரின் வாயு வரும், அடைத்த பாத்ரூமில் அது உயிருக்கே ஆபத்து. எலுமிச்சை உப்பும் பிளீச்சிங் பவுடரும் சேர்ந்தாலும் அதே கதைதான்.

தங்கையின் ஃபிரன்ட் லோட் வேறு விதமான பிராணி. தண்ணீர் குறைவாக எடுக்கும், ஹீட்டர் உண்டு, கதவைச் சுற்றி ரப்பர் வளையம் உண்டு. ஹீட்டர் இருப்பதால் 60 டிகிரிக்கு மேல் சூடு வைத்து வெறும் மெஷினை ஓட்டலாம், அது பெரிய வசதி. ஆனால் கடினத் தண்ணீரைச் சூடாக்கும்போது சுண்ணாம்பு பிரிந்து முதலில் படிவது அந்த ஹீட்டர் மேலேயேதான். அதனால் அவருக்கு எலுமிச்சை உப்பு 100 கிராம் போட்டு 60 டிகிரியில் ஒரு ஓட்டம், போர் தண்ணீராக இருந்தால் இரண்டு மூன்று மாதத்துக்கு ஒரு முறை. இன்னொரு நாள் பெர்கார்பனேட் 100 கிராம். உங்கள் கணக்கில் அரைக்கிலோ போடச் சொல்லிவிடாதீர்கள், நுரை பொங்கி பவுடர் போடும் பெட்டி வழியாக வெளியே வழியும். டப் கிளீன், டிரம் கிளீன் என்று பட்டன் இருந்தால் அதையே அழுத்தலாம். எல்ஜி மாதம் ஒரு முறை ஓட்டச் சொல்கிறது. சாம்சங்கின் பல மாடல்களில் 40 துவைப்புக்கு ஒரு முறை விளக்கு எரிந்து நினைவுபடுத்தும். அந்த விளக்கைப் பார்த்துப் பயந்து சர்வீஸுக்குப் போன் செய்பவர்கள் உண்டு. அது ரிப்பேர் இல்லை, ஞாபகக் குறிப்பு.

ஃபிரன்ட் லோடில் கையால் செய்ய வேண்டிய இடங்கள் மூன்று. முதலாவது அந்த ரப்பர் வளையம். அதன் மடிப்பை விரலால் விரித்தால் கீழ்ப்பக்கம் எப்போதும் கொஞ்சம் தண்ணீர் தேங்கி, அதில் முடியும் நூலும் கிடக்கும். அடியில் சின்னச் சின்னத் துளைகள் இருக்கும், தண்ணீர் வடிய வைத்தவை. அவை நூலால் அடைபட்டால் தண்ணீர் அங்கேயே நின்று நாறும். காது குடையும் பட்ஸால் குத்தி விட்டாலே திறந்துகொள்ளும். ரப்பரில் பிடித்த கரும்புள்ளிகள் ஆழமாக இறங்கியிருந்தால் எதற்கும் போகாது. அதற்காகக் கம்பி நார் போட்டுத் தேய்க்க வேண்டாம், ரப்பர் சொரசொரப்பானால் இன்னும் சீக்கிரம் பிடிக்கும். இரண்டாவது பவுடர் பெட்டி. முழுசாக வெளியே இழுத்து, கண்டிஷனர் அறையின் மூடியைக் கழற்றிக் கழுவுங்கள். பெட்டி இருந்த பொந்தின் கூரையைக் கண்ணாடி வைத்துப் பார்த்தால் அங்கேயும் கருப்பு பூத்திருக்கும்.

மூன்றாவது, கீழ் மூலையில் சின்னக் கதவுக்குள் இருக்கும் பம்ப் ஃபில்டர். மெஷின் வந்த நாளிலிருந்து இதைத் திறக்காத வீடுகள் ஏராளம். துவைத்த உடனே, தண்ணீர் சூடாக இருக்கும்போது திறக்கக் கூடாது. தட்டையான தட்டு ஒன்றைக் கீழே வைத்து, பக்கத்தில் சின்னக் குழாய் இருந்தால் அதன் அடைப்பை எடுத்து முதலில் தண்ணீரை வடியுங்கள். அப்புறம் ஃபில்டரை இடப்பக்கமாகத் திருகி இழுங்கள். நாணயம், ஊக்கு, பட்டன், குழந்தையின் சாக்ஸ், எல்லாம் வரும். திரும்ப மாட்டும்போது இறுக்கமாகத் திருகாவிட்டால் அடுத்த துவைப்பில் ஹால் வரைக்கும் தண்ணீர்தான். எல்ஜி மெஷினில் ஓ.ஈ. என்று எழுத்து காட்டி நின்றால் முதலில் பார்க்க வேண்டிய இடம் இதுவே, தண்ணீர் வெளியேறவில்லை என்று அர்த்தம்.

ஐ.ஈ. என்று காட்டினால் தண்ணீர் உள்ளே வரவில்லை. இது இரண்டு வகை மெஷினுக்கும் பொது. குழாயை மூடிவிட்டு, பின்னால் தண்ணீர்க் குழாய் மாட்டும் இடத்தைக் கழற்றினால் விரல் நுனி அளவுக்கு ஒரு சல்லடை இருக்கும். போர் தண்ணீரின் மணலும் துருவும் அதில் சாந்து மாதிரி அப்பியிருக்கும். குறடால் பிடித்து மெல்ல இழுத்து, எலுமிச்சை உப்புத் தண்ணீரில் ஊறவைத்துக் கழுவி மாட்டுங்கள். அதைத் தூக்கிப் போட்டுவிட்டுச் சல்லடை இல்லாமல் ஓட்டினால் மணல் உள்ளே வால்வில் போய் உட்காரும்.

தண்ணீரைப் பற்றி ஒரு வார்த்தை. குடிநீருக்கான இந்தியத் தரப்படி கடினத்தன்மை லிட்டருக்கு 200 மில்லிகிராம் வரை இருக்கலாம், வேறு வழியில்லாவிட்டால் 600 வரை. 600 இருக்கும் தண்ணீரில் எந்த மெஷினும் எந்தப் பவுடரும் திணறும். டிடிஎஸ் மீட்டரை வைத்து இதை முடிவு செய்யாதீர்கள். அது கரைந்த எல்லா உப்பையும் காட்டும், கடினத்தன்மையைத் தனியாகக் காட்டாது. குழாயில் மாட்டும் வெள்ளை உருண்டை போட்ட ஃபில்டர்கள் உப்பை எடுப்பதில்லை, படியாமல் கொஞ்சம் தடுக்கும். உருண்டைகள் கரைந்து குறையும், நிரப்பிக்கொண்டே இருந்தால்தான் பலன். கார்ப்பரேஷன் தண்ணீர் வரும் நேரத்தில் துவைக்க முடிந்தால் அதைவிடச் சிக்கனமான வழி வேறில்லை.

துவைத்து முடித்தபின் மூடியை உடனே சாத்தாதீர்கள், இரண்டு மூன்று மணி நேரமாவது திறந்து கிடக்கட்டும். ஃபிரன்ட் லோட் இருக்கும் வீட்டில் சின்னக் குழந்தை இருந்தால் கதவைத் திறந்து போட்டுவிட்டு நகரக் கூடாது, உள்ளே ஏறிவிடுவார்கள். ஆள் இருக்கும் நேரம் பார்த்து ஆறவிட்டு மூடிவிடுங்கள்.

கடைசியாக ஒரு சந்தேகம் உங்களுக்கு வரலாம்: மெஷினைச் சுத்தம் செய்தபிறகும் துண்டு மட்டும் நாறுகிறதே என்று. அப்போது அழுக்கு துண்டில்தான் இருக்கிறது. மழைக்காலத்தில் வீட்டுக்குள் உலர்த்தும் துணியில் வரும் அந்த ஈர நாற்றத்துக்கு மொராக்செல்லா என்ற பாக்டீரியா முக்கியக் காரணம் என்று ஜப்பானிய ஆராய்ச்சியாளர்கள் 2012-இல் காட்டினார்கள். காய்ந்தாலும் சாகாமல் துணியிலேயே தங்கி, மறுபடி நனைந்ததும் கிளம்பும் வகை. வெள்ளை அல்லது சாயம் போகாத காட்டன் துண்டுகளை ஒரு வாளி சூடான தண்ணீரில் ஒரு கைப்பிடி பெர்கார்பனேட் போட்டு ஒரு மணி நேரம் ஊறவைத்துத் துவைத்தால் நாற்றம் போய்விடும். பட்டுக்கும் கம்பளிக்கும் அது ஆகாது. மீந்த தூளைக் காற்றுப் புகாமல் இறுக்கி மூடிய கண்ணாடி பாட்டிலில் வைக்க வேண்டாம். ஈரம் பட்டால் உள்ளே வாயு சேர்ந்து வெடித்துவிடும். வந்த பையிலேயே வாயை மடித்துக் கிளிப் போட்டு, ஈரம் படாத அலமாரியில், குழந்தைக்கு எட்டாத உயரத்தில் வையுங்கள்.